முழு இன்ஸ்டாலரைக் கொடுங்கய்யா!

டிஸ்கியை முதலிலேயே போட்டுவிடுகிறேன். நான் கம்ப்யூட்டர் இஞ்சினியர் இல்லை. பி.காம். வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து, பிரமோஷன் வாங்கி, ஊர் ஊராக மாற்றலாகி, இப்போது குவாஹாட்டியில் ஒரு மண்டல அலுவலகத்தில் குப்பை கொட்டுகிறேன். "இவனுக்குக் கொஞ்சம் கம்ப்யூட்டர் தெரியும்" என்று எவரோ மேலே போட்டுக் கொடுத்ததில், மண்டலத்துக் கிளைகளின் மெஷின்கள் எல்லாம் என் தலையில். எந்த வங்கி என்று கேட்காதீர்கள். ரிடையர் ஆக இன்னும் வருஷங்கள் பாக்கி இருக்கிறது.

சரி, மேட்டருக்கு வருவோம். ஆபரேட்டிங் சிஸ்டம் என்று ஒன்றைக் காசு கொடுத்து வாங்குகிறோம். ஒன்றல்ல, நூற்றுக்கணக்கில். அதை மெஷினில் ஏற்றவும், மெஷின் படுத்துவிட்டால் மறுபடி ஏற்றவும் நமக்குத் தேவை ஒரே ஒரு ஃபைல்: முழு இன்ஸ்டாலர். இன்டர்நெட் இருந்தாலும் இல்லாவிட்டாலும், பென் டிரைவைச் சொருகினால் ஆரம்பம் முதல் கடைசிவரை தானே ஏறிக்கொள்கிற, ஒரு சாமானும் குறையாத மூட்டை. அதைத் தருவதற்குத்தான் கம்பெனிக்காரர்களுக்கு மனசு வருவதில்லை. பதிலுக்கு ஒரு குட்டி ஃபைல் தருகிறார்கள். ஸ்டப் இன்ஸ்டாலர் என்று பேர். சில எம்பி, மிஞ்சிப் போனால் இருபது எம்பி. அதை ஓட்டினால் அது இன்டர்நெட்டுக்குப் போய் மீதி அத்தனையையும் இழுத்துக்கொண்டு வருமாம். கல்யாணத்துக்குக் கூப்பிட்டுவிட்டு இலை போடாமல் கையில் டோக்கனைக் கொடுத்து, "நாலு தெரு தள்ளி ஓட்டல் இருக்கு, அங்கே போய்ச் சாப்பிட்டுக்குங்க" என்கிற மாதிரி.

வீட்டில் ஃபைபர் வைத்திருப்பவர்களுக்கு இது புரியாது. "அரை மணியில இறங்கிடுமே, இதுக்கா ஒரு பதிவு?" என்பீர்கள். வங்கிக் கிளை வீடு இல்லைங்க. கிளையில் இருக்கிற மெஷின் இன்டர்நெட்டிலேயே கிடையாது. வேண்டுமென்றேதான் அப்படி வைத்திருக்கிறோம். வங்கியின் சொந்த நெட்வொர்க், அதற்கு மேல் ஃபயர்வால், அனுமதித்த முகவரிக்கு மட்டும் வழி. 2016 ஜூனில் ரிசர்வ் வங்கி சைபர் பாதுகாப்புச் சுற்றறிக்கை விட்டதிலிருந்து இன்னும் இறுக்கம். இறுக்கமாகத்தான் இருக்க வேண்டும், அதில் இருப்பது உங்கள் காசு. ஒழுங்காக நிர்வகிக்கப்படுகிற மெஷின் என்றால் கண்ட இடத்துக்கும் போய்வராத மெஷின் என்றுதான் அர்த்தம். அதைப் பார்த்து, "நீ முதலில் இன்டர்நெட்டுக்கு வா, அப்புறம் உனக்கு ஆபரேட்டிங் சிஸ்டம் தருகிறேன்" என்று சொன்னால் என்ன நியாயம்?

கொஞ்சம் கணக்கு போடுவோம் (பி.காம். புத்தி போகாது). இன்றைய விண்டோஸ் 11 முழு இன்ஸ்டாலர் ஐந்து ஜிபிக்கு மேல். ஐந்தரை என்று வையுங்கள். அதாவது 44,000 மெகாபிட். மலையில் இருக்கிற எங்கள் கிளை ஒன்றுக்கு 2 எம்பிபிஎஸ் லைன். மொத்த லைனையும் இதற்கே கொடுத்தால் ஆறு மணி நேரம். ஆனால் அதே லைனில்தான் டெபாசிட்டும் வித்டிராயலும் ஓட வேண்டும். வி-சாட் வைத்திருக்கிற கிளையில் 512 கேபிபிஎஸ் என்றால் ஒரு மெஷினுக்கு ஏறக்குறைய ஒரு முழு நாள், இருபத்து நாலு மணி நேரம். கிளையில் எட்டு மெஷின் இருந்தால் ஸ்டப் இன்ஸ்டாலர் எட்டுத் தடவையும் முதலிலிருந்து இழுக்கும். எட்டு நாள். முழு ஃபைல் கையில் இருந்தால் ஒரு பென் டிரைவ், ஒரு ஆள், ஒரு ஞாயிற்றுக்கிழமை.

இப்படியா இருந்தது முன்பு? எக்ஸ்பி காலத்தில் மெஷின் வாங்கினால் கூடவே ஹோலோகிராம் பளபளக்கிற ஒரு சிடி வரும். அதைக் கிளை மேனேஜர் ஃபிக்ஸட் டெபாசிட் ரசீதுப் புத்தகத்தோடு சேர்த்துப் பூட்டி வைப்பார். 2004-இல் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2 வந்தபோது மைக்ரோசாஃப்டே நெட்வொர்க் இன்ஸ்டலேஷன் பேக்கேஜ் என்று முழு மூட்டையைத் தனியாகக் கொடுத்தது. பல மெஷின்களைக் கட்டி மேய்க்கிறவர்களுக்கு இது வேண்டும் என்று அன்றைக்குத் தெரிந்திருந்தது. உபுண்டுக்காரர்களோ கேட்டவர்களுக்கெல்லாம் சிடியைத் தபாலிலேயே சும்மா அனுப்பிக்கொண்டிருந்தார்கள், 2011 வரை.

அப்புறம் சிடி போய் ரிகவரி பார்ட்டிஷன் வந்தது. இன்ஸ்டாலரை அதே ஹார்ட் டிஸ்கில் ஒரு ஓரத்தில் ஒளித்து வைப்பார்கள். மெஷினில் அதிகமாகச் சாகிற சாமான் எது? ஹார்ட் டிஸ்க். அது செத்தால் ரிகவரியும் கூடவே உடன்கட்டை. மாற்றுச்சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துவிட்டு வெளியே பூட்டிக்கொண்டு போகிற புத்திசாலித்தனம். 2020-இல் விண்டோஸ் 10-க்குள் க்ளவுட் டவுன்லோட் வந்தது. ரீசெட் செய்ய வேண்டுமா, இதோ நாலு ஜிபி இறக்கிக்கொள் என்று. சாவி இப்போது பக்கத்து ஊரில் இருக்கிறது, அவ்வளவுதான் முன்னேற்றம்.

விண்டோஸ் 10 டவுன்லோட் பக்கத்தில் வருஷக்கணக்கில் நடந்த கூத்து ஒன்று உண்டு. விண்டோஸ் மெஷினிலிருந்து அந்தப் பக்கத்தைத் திறந்தால் மீடியா கிரியேஷன் டூல் என்கிற குட்டி ஃபைல் மட்டும்தான் கண்ணில் படும். அதே பக்கத்தைப் போனிலிருந்தோ லினக்ஸிலிருந்தோ திறந்தால் முழு ஐஎஸ்ஓ ஃபைல் வந்து நிற்கும். அதாவது ஃபைல் அவர்களிடம் இருக்கிறது, அதே பக்கத்தில் இருக்கிறது. அவர்கள் சரக்கைக் காசு கொடுத்து வாங்கி உபயோகிக்கிறவனுக்கு மட்டும் காட்டமாட்டார்கள். விண்டோஸ் 11-க்கு ஐஎஸ்ஓ நேரடியாகவே கிடைக்கிறது. நல்லது, அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். ஆனால் அது பொதுஜனத்துக்கான ஐஎஸ்ஓ. வங்கி வாங்குகிற என்டர்ப்ரைஸ் எடிஷன் அதில் இல்லை. எங்கள் சாஃப்ட்வேர், பாஸ்புக் பிரிண்டர், ஆதார் கைரேகை மெஷின் எல்லாவற்றோடும் சோதித்துப் பார்த்து ஓகே சொன்ன பழைய வெர்ஷனும் அந்தப் பக்கத்தில் கிடைக்காது. அன்றைக்குப் புதுசு எதுவோ அதுதான்.

குட்டி ஃபைலை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு 2025 அக்டோபரே சாட்சி. விண்டோஸ் 10-க்கு ஆதரவு அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிகிறது, எல்லோரும் 11-க்கு மாறுங்கள் என்று ஊரெல்லாம் தண்டோரா. சரியாக அந்த நேரம் பார்த்து, செப்டம்பர் கடைசியில் விட்ட புது மீடியா கிரியேஷன் டூல் விண்டோஸ் 10 மெஷின்களில் ஒழுங்காக ஓடவில்லை. திறக்கும், மூடிக்கொள்ளும். மைக்ரோசாஃப்டே ஒப்புக்கொண்டு, ஐஎஸ்ஓவை நேரடியாக இறக்கிக்கொள்ளுங்கள் என்றது. ஆகக் கடைசியில் காப்பாற்றியது எது? முழு இன்ஸ்டாலர்.

இனி எங்கள் கதை. 2023 மழைக்காலம். திமா ஹசாவ் மாவட்டத்தில் எங்கள் கிளை ஒன்று. முந்தின வருஷம், 2022 மே மாதம், மலை சரிந்து நியூ ஹாஃப்லாங் ரயில்வே ஸ்டேஷனே சேற்றில் மூழ்கிய படங்களை நீங்கள் பார்த்திருக்கலாம், அந்தப் பக்கம். இரண்டு கவுன்ட்டர். மாசம் முதல் வாரம், பென்ஷன் கூட்டம். ஒரு கவுன்ட்டர் மெஷினின் டிஸ்க் படுத்துவிட்டது. மெஷின் சப்ளை செய்த கம்பெனி புது டிஸ்கோடு ஒரு பையனை அனுப்பியது. நல்ல பையன், வேலை தெரிந்தவன். ஆனால் கம்பெனி அவன் கையில் கொடுத்தனுப்பியது ஒரு ரிகவரி டூல். அது இன்டர்நெட்டிலிருந்து இழுக்கிற ஜாதி. எங்கள் நெட்வொர்க்கில் அது வெளியே போகவே முடியாது. தன் போனை ஹாட்ஸ்பாட் போட்டான். மழையில் டவர் வருவதும் போவதுமாக, பதினேழு சதவீதம், நாற்பது சதவீதம், மறுபடி முதலிலிருந்து.

நான் தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டேன். ஐடி பிரிவில் நம்ம ஊர்த் தம்பி ஒருவன். "அண்ணே, முழு ஐஎஸ்ஓ எதுக்குண்ணே? இப்பல்லாம் க்ளவுட்ல இருந்தே இறங்கிரும்ணே."

"தம்பி, இங்க க்ளவுட் மலை மேலயே நிக்குது. வயர்ல இறங்கமாட்டேங்குது."

சிரித்தான். ஆனால் லைசென்ஸ் போர்ட்டலின் பாஸ்வேர்டு அவனிடமும் இல்லை. அது அவனுக்கு மேலே இருக்கிறவருக்கு மேலே இருக்கிறவரிடம். மூன்று மெயில், ஒரு அப்ரூவல். ஒருவழியாக ஃபைல் குவாஹாட்டிக்கு வந்து, பென் டிரைவில் ஏறி, எங்கள் ஆபீஸ் ஆள் ஒருவர் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ராத்திரி ரயில் ஏறினார். மறுநாள் காலை ஏற்றி முடிக்க முப்பத்தைந்து நிமிஷம். நடுவில் போனது இரண்டரை நாள். அந்த இரண்டரை நாளும், மலைக் கிராமங்களிலிருந்து ஷேர் சுமோவில் வந்த கிழவர்களும் விதவைகளும் ஒற்றைக் கவுன்ட்டரில் நின்றார்கள். சாயங்காலம் ஆனதும் சிலரை "நாளைக்கு வாங்க" என்று திருப்பி அனுப்பினோம். ஒருவர் வந்து போகிற வண்டிச் சத்தம், அவர் வாங்க வந்த பென்ஷனில் எவ்வளவு என்பது எந்தக் கம்பெனியின் பாலன்ஸ் ஷீட்டிலும் வராது.

வரவேண்டும் என்பதுதான் என் வாதம். காமர்ஸ் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும்: விலை சொல்லும்போது எஃப்.ஓ.ஆர். டெஸ்டினேஷன் என்றால் சரக்கை நம் ஊர் ஸ்டேஷன்வரை கொண்டுவந்து சேர்ப்பது விற்பவன் பொறுப்பு. எக்ஸ்-வொர்க்ஸ் என்றால் ஃபேக்டரி வாசலில் வந்து நீயே அள்ளிக்கொண்டு போ. சிடி கொடுத்த காலம் எஃப்.ஓ.ஆர். டெஸ்டினேஷன். ஸ்டப் இன்ஸ்டாலர் சுத்தமான எக்ஸ்-வொர்க்ஸ். சிடி அடிக்கிற செலவு, அனுப்புகிற செலவு எல்லாம் அவர்களுக்கு மிச்சம். லைன் வாடகை, ஆள் போகிற பேட்டா, கவுன்ட்டர் மூடிக் கிடக்கிற நஷ்டம் எல்லாம் நம் தலையில். அதற்காக விலையைக் குறைத்தார்களா? மூச்.

"அது சரக்கு இல்லை, லைசென்ஸ்" என்று ஒரு பதில் வரும். நான் வக்கீல் இல்லை. ஆனால் 2004 நவம்பரில் டாடா கன்சல்டன்சி – ஆந்திரப் பிரதேச அரசு வழக்கில், கடையில் விற்கிற ரெடிமேட் சாஃப்ட்வேரும் சரக்குதான், விற்பனை வரி உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது நினைவிருக்கிறது. சிடியில் வந்தால் சரக்கு என்று ஆனது. இப்போது சிடியே கையில் வருவதில்லை.

"இதெல்லாம் செக்யூரிட்டிக்காக" என்கிறவர்களுக்குத்தான் எனக்கு ரொம்பக் கோபம். ஆறு மாசத்துப் பழைய இன்ஸ்டாலரில் ஓட்டைகள் இருக்கும், நெட்டிலிருந்து இழுத்தால் புதுசு வரும் என்கிறார்கள். ஓட்டை இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். அதற்கு மாசாமாசம் புதுப்பித்த முழு ஃபைலைக் கொடு, பக்கத்தில் அதன் ஷா-256 எண்ணைப் போடு. அந்த எண் ஃபைலின் கைரேகை மாதிரி. ஒரு புள்ளி மாறினாலும் எண் மாறிவிடும், கலப்படம் உடனே தெரியும். அதுதான் செக்யூரிட்டி. முழு ஃபைலைக் கொடுக்க மறுத்தால் நடப்பது வேறு. எந்த ஊர்க் கம்ப்யூட்டர் கடையிலும் ஒரு பென் டிரைவ் இருக்கும், எல்லா விண்டோஸும் ஆபீஸும் ஆக்டிவேட்டரோடு. அவசரத்தில் இருக்கிற மேனேஜர், வாசலில் கூட்டம் சத்தம் போடும்போது, "அதையே போட்டுத் தொலைங்க" என்று சொல்லிவிட எவ்வளவு நேரம் ஆகும்? அதில் என்ன புழு பூச்சி இருக்கிறதோ, அந்தக் கடைக்காரருக்கே தெரியாது. நேர் வழியை அடைத்தால் ஜனங்கள் சந்து வழியாகத்தான் போவார்கள். திருட்டுக் காப்பியைத் தடுக்கத்தான் என்பதும் எடுபடாது. முழு இன்ஸ்டாலர் இருந்தாலும் லைசென்ஸ் இல்லாமல் ஆக்டிவேட் ஆகாது. பூட்டு அங்கே ஏற்கெனவே தொங்குகிறது.

இன்னொரு கோஷ்டி, "ஆட்டோபைலட் இருக்கிறது, மெஷினை நேராகக் கிளைக்கு அனுப்பு, ஆன் செய்தால் தானே செட்டாகிக்கொள்ளும்" என்று பாடும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஆட்டோபைலட் வேலை செய்ய மெஷினில் ஏற்கெனவே விண்டோஸ் இருக்க வேண்டும், இன்டர்நெட்டும் இருக்க வேண்டும். டிஸ்க் செத்த மெஷினில் முதலாவது இல்லை, மலைக் கிளையில் இரண்டாவது இல்லை.

செய்ய முடியாததைக் கேட்கிறேனா என்றால் இல்லை. ஆப்பிளைப் பாருங்கள். 2017-இல் ஹை சியரா வந்தபோது, ஆப் ஸ்டோரில் சில மெஷின்களுக்கு ஐந்து ஜிபி இன்ஸ்டாலருக்குப் பதில் இருபது எம்பி சொச்சம் ஸ்டப் வந்து இறங்கியது. ஆபீஸ்களில் மேக் பராமரிக்கிறவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். கிரெக் நீகிள் போன்றவர்கள் ஆப்பிளின் சர்வரிலிருந்தே முழு இன்ஸ்டாலரைச் சேர்த்துக் கட்டுகிற ஸ்கிரிப்டைத் தாங்களே எழுதிப் பொதுவில் வைத்தார்கள். 2019-இல் கேட்டலினாவோடு, முழு இன்ஸ்டாலரை இறக்குகிற கட்டளையை ஆப்பிளே சிஸ்டத்துக்குள் வைத்தது. அடுத்த வருஷம் பிக் சர் வந்தபோது, இறக்கக்கூடிய வெர்ஷன்களின் பட்டியலைக் காட்டவும் வழி செய்தது. கேட்டால் கிடைக்கும். விடாமல் கேட்க வேண்டும். டெபியன்காரர்கள் கேட்காமலேயே முழு டிவிடி ஐஎஸ்ஓக்களையும் ஹாஷ் எண்களையும் வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறார்கள், அதுவும் இலவசமாக.

"முழு" என்று நான் அடம்பிடிப்பதற்கு இன்னொரு காரணம், ஏறி முடித்த பிறகும் கையேந்த வைக்கிற சில்லறைச் சாமான்கள். விண்டோஸ் 10-இலிருந்து இந்திய மொழி எழுத்துருக்கள் பலவற்றைத் தனியே பிரித்து, ஆப்ஷனல் என்று நெட்டுக்குத் தள்ளிவிட்டார்கள். நம்ம லதா அப்படிப் போனதுதான். இந்திக்கு மங்கள், வங்காளி-அசாமிய எழுத்துக்கு வ்ருந்தா, எல்லாமே. நிர்மலா மட்டும் எல்லாவற்றுக்கும் பொதுவாக வீட்டில். எங்கள் இந்திப் பிரிவின் படிவங்கள் மங்களில் கட்டம் பார்த்துச் செய்தவை. புது மெஷினில் திறந்தால் வேறு எழுத்துருவில் வந்து வரி உடைந்து, கையெழுத்துப் போடுகிற இடம் அடுத்த பக்கத்துக்கு ஓடிவிடுகிறது. அதை ஆஃப்லைனில் ஏற்றவும் ஒரு ஐஎஸ்ஓ உண்டு. அதுவும் அதே போர்ட்டலில், அதே பாஸ்வேர்டுக்குப் பின்னால். உலகத்துக்கே ஆங்கில எழுத்துரு இலவச இணைப்பு, நமக்கு மட்டும் தனி பார்சல்.

கம்பெனிகளை மட்டும் திட்டிவிட்டுப் போனால் நியாயமில்லை. நம் ஆட்களுக்கும் இருக்கிறது. மெர்க்கன்டைல் லாவில் படித்த 1930-ஆம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டம், 36-ஆம் பிரிவு: ஒப்பந்தத்தில் ஒன்றும் எழுதவில்லை என்றால், விற்கிற சமயத்தில் சரக்கு எங்கே இருக்கிறதோ அங்கேதான் டெலிவரி. ஆக, எழுதாதது வாங்குகிறவன் குற்றம். நம் டெண்டர்களை எடுத்துப் பாருங்கள். மெஷினின் எடை, கீபோர்டில் ரூபாய்க் குறி, கார்ட்டன் பெட்டியில் ஒட்டுகிற லேபிள்வரை எழுதியிருக்கும். முழு இன்ஸ்டாலரைப் பற்றி ஒரு வரி இருக்காது. வாங்கும் பிரிவில் இருப்பவர்கள் எல்லோரும் மும்பையில் ஃபைபரில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

நான் எழுதி அனுப்பியிருக்கிற ஷரத்து இவ்வளவுதான். சோதித்து ஏற்றுக்கொண்ட அதே வெர்ஷனின் முழு இன்ஸ்டாலர், அந்த மாடலுக்கான எல்லா டிரைவரும், மொழி மற்றும் எழுத்துரு ஐஎஸ்ஓ, ஒவ்வொன்றுக்கும் ஹாஷ் எண் – இவை ஒவ்வொரு மண்டல அலுவலகத்துக்கும் இரண்டு பிரதி கையில் வந்து சேர வேண்டும். நெட்டே இல்லாமல் ஒரு மெஷினை எங்கள் கண்முன் ஏற்றிக் காட்ட வேண்டும். காட்டும்வரை கடைசி பத்து சதவீத பேமென்ட் நிற்கும். போன மாசம் பதில் வந்தது: "ஆலோசனை கவனத்தில் கொள்ளப்பட்டது." வங்கி பாஷையில் இதற்கு என்ன அர்த்தம் என்று வங்கிக்காரர்களுக்குத் தெரியும். அடுத்த டெண்டருக்கு முன் மறுபடி அனுப்புவேன், இந்தத் தடவை மற்ற மண்டலத்து ஆட்கள் நாலு பேரையும் சேர்த்துக்கொண்டு.

பி.கு: முழு ஐஎஸ்ஓ கிடைத்த புண்ணியவான்களுக்கு இரண்டு விஷயம். ஒன்று, உள்ளே இருக்கிற இன்ஸ்டால்.விம் ஃபைல் நாலு ஜிபிக்கு மேல் இருந்தால் ஃபேட்32 பென் டிரைவில் ஏறாது. டிஸ்ம் கட்டளையால் அதை இரண்டாக உடைத்துப் போடுங்கள், இன்ஸ்டாலர் தானே சேர்த்துக்கொள்ளும். இரண்டு, பழைய சாஃப்ட்வேர் எதாவது டாட்நெட் 3.5 கேட்டு, விண்டோஸ் அதற்கு நெட்டுக்கு ஓடினால் ஓடவிடாதீர்கள். அதே ஐஎஸ்ஓவில் சோர்சஸ் ஃபோல்டருக்குள் எஸ்எக்ஸ்எஸ் என்று ஒன்று இருக்கிறது, அதைக் காட்டினால் இரண்டே நிமிஷம்.